என்னை ஜாமீனில் எடுக்க வந்த வக்கீல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்துச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏற்காடு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இது நடந்தது. அந்த வீட்டை வாங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சுவரில் நாங்கள் அடித்த பெயின்ட் வாசனை போய், மலையின் ஈர வாசனை அப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது. நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, எல்லாரிடமும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பாரே ஒருவர், உங்களுக்கு அவரைப் பிடித்திருக்காது, அவர்தான். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ரசித்துப் பார்ப்பவன், நான் ஏறியதும் தூங்கிப்போகிறவன், இவர்களையெல்லாம் வாசலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இன்னொரு ரகம் உண்டு. பக்கத்து ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் தூரத்து ஊர் வரை உட்கார்ந்து வருபவர்கள். பிடித்தால், "கண்டக்டர் குடுத்ததுங்க, நான் பாக்கலைங்க" என்பார்கள். "கையில இருக்கற டிக்கெட்ட நீதானப்பா பாக்கோணும்?" என்று கேட்டு அபராதம் போட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே இறங்குவேன்.

வேலை போய்விட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை. காபி கொடுத்தால்கூட டம்ளரைச் சாய்த்து அளவு பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அபாண்டம். ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது.

சேலத்தில் இருந்த எங்கள் மனையை விற்று, என் பி.எப். பணத்தையும் சேர்த்து மலையில் இந்த வீட்டை வாங்கினோம். சின்ன ஓட்டு வீடு. சுற்றி இருபது சென்ட் நிலத்தில் கொஞ்சம் காபிச் செடிகள், நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக் கொடி. விற்றவர் ஓர் அம்மா. மிஷன் பள்ளி விடுதி ஒன்றில் பல வருடம் சமையல் செய்தவர். கணவர் இல்லை. ஏற்காடு டவுனில் ஒரு பேக்கரி வைக்க வேண்டும், பின்னால் இருக்கும் அறையில் தங்கையோடு தங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் வீட்டை விற்றார். கிறிஸ்துமஸுக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு அவர் செய்யும் கேக்கைச் சாப்பிட்டவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரோக்கரே சொன்னார். வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தவர் கேக்கைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்.

நாங்கள் விலை பேசியது ஐப்பசியில். மரத்தில் மிளகும் செடியில் காபியும் காய்த்து நின்றன. மலையில் இப்படி விற்கும்போது, அந்த வருட மகசூல் யாருக்கு என்று தனியாகப் பேசிவிடுவார்கள். அந்த அம்மா, "டவுனுக்குப் போனப்பறம் நான் எங்கங்க வந்து காய் பறிக்கறது? நீங்களே பறிச்சுக்குங்க. அதுக்கு ஒரு நாப்பதாயிரம் சேத்திக் குடுத்துருங்க" என்றார். நியாயமான தொகைதான். நானும் சரி என்றேன். சேலத்து வக்கீல் ஒருவர் பத்திர வேலை எல்லாம் பார்த்தார். கடைசிக் கணக்கையும் அவரே போட்டு, எவ்வளவுக்கு டி.டி. எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

நான் மனதில் நினைத்திருந்ததைவிடத் தொகை குறைவாக இருந்தது. கேட்டதற்கு, "மகசூல் கழிவு போகத் தானுங்க" என்றார். கழிவு என்ற சொல் என் காதுக்கு இனிமையாக இருந்தது. அத்தனை வருடம் பத்துப் பைசா டிக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அன்றைக்கு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பத்திர ஆபீசில் அந்த அம்மா, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வீடு எங்களுடையதாயிற்று.

வைகாசியில் அவருடைய பேக்கரி திறந்தது. ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே போய் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுவேன். பன் என்றால் அவர் சுட்டதில்லை. சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவது. மலை ஏறி வந்த களைப்பு அதன் முகத்திலேயே தெரியும். எனக்குச் சும்மா இருக்க முடியுமா?

"ஏனுங்க, இந்தப் பன்னுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகமாட்ட இருக்குதே. பென்ஷன் குடுத்து அனுப்பிருங்க" என்றேன் ஒரு நாள்.

அவர் சிரித்துக்கொண்டே, "அடுப்பு வரட்டுமுங்க. அப்பறம் பேசுங்க" என்றார்.

"அடுப்பு எப்ப வருமுங்க?"

"பணம் வரப்ப வருமுங்க."

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கடைக்குள் நுழையும்போதே, "அடுப்பு வந்துருச்சுங்களா?" என்று கேட்பது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. கடையில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டை இவ்வளவு பணத்துக்கு விற்றுவிட்டு ஓர் அடுப்பு வாங்க யோசிக்கிறாரே என்று என் மனைவியிடம் வந்து சொல்லியும் இருக்கிறேன்.

எனக்கும் அப்போது ஓர் ஆசை இருந்தது. ஸ்கூட்டர். வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் ஓசியில் போனவனுக்கு, ஒரு நாளாவது சொந்த வண்டியில் மலைப்பாதையில் போக வேண்டும் என்று. மிளகு விற்ற பணம் ஓடு மாற்றப் போய்விட்டது. ஆனாலும் பென்ஷனில் மிச்சம் பிடித்து, ஸ்கூட்டருக்கென்று வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருந்தேன். சிவப்பு நிறம் என்றுகூட முடிவு செய்தாகிவிட்டது. அடுத்த வாரம் சேலம் போய் வாங்குவதாக இருந்தேன். இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது.

தெரியாத நம்பர். மழை வந்தால் எங்கள் பக்கம் டவரும் படுத்துக்கொள்ளும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"வணக்கமுங்க. வக்கீல் பேசறேன். உங்க ஊட்டுக் கிரயக் கணக்குல ஒரு தப்பு நடந்து போச்சுங்க. நீங்க இன்னும் எம்பதாயிரம் குடுக்க வேண்டியிருக்குதுங்க."

என் மீசை தானாக நிமிர்ந்தது. இது எனக்குத் தெரியாத வித்தையா? தினமும் பேப்பரில் வருகிறதே. பேங்க் மேனேஜர் பேசுகிறேன் என்பான், கூரியர் ஆபீஸ் என்பான், பணத்தை அனுப்பச் சொல்வான். சரியாக என் ஸ்கூட்டர் பணம் எவ்வளவோ அவ்வளவையே கேட்கிறான் பார், எங்கேயோ விவரம் கசிந்திருக்கிறது என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டிக்கெட் இல்லாத பயணி தானாக வந்து மாட்டினால் விடுவேனா?

"அப்படிங்களா சாமி" என்றேன், நடுங்கும் குரலில். "நான் வயசானவனுங்க. எந்த நம்பருக்கு அனுப்போணும்?"

"எனக்கு வேண்டாமுங்க. அந்தம்மா கணக்குக்கே நேரா அனுப்பிருங்க."

ஓஹோ, இது புதுசு என்று நினைத்துக்கொண்டேன். "ஓ.டி.பி. வந்திருக்குதுங்க. சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"ஓ.டி.பி. எதுக்குங்க?" என்று அவர் குழம்பினார்.

"சும்மா எழுதுங்க சாமி" என்று, நான் கடைசியாகச் செக்கிங் போன சேலம் பஸ்ஸின் நம்பரைத் திருப்பிப் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனாவின் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "யாருங்க?" என்றாள். "திருடன்" என்று சைகை காட்டினேன். "திருடங்கிட்ட என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிக்னல் போய் இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே நம்பர். இந்த முறை ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று தொண்டையைக் கனைத்துக் குரலைத் தடிமனாக்கினேன்.

"யாருய்யா அது? சைபர் கிரைம் எஸ்.ஐ. பேசறேன். இந்த நம்பர்க்காரர் எங்க கஸ்டடியில இருக்கறாரு. நீ எங்க இருக்கற?"

இதைக் கேட்டதும் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அந்தக் குரலோ, முன்னைவிடப் பணிவாக, "ஐயா, அவரு என்ன தப்புங்க பண்ணினாரு? வயசானவருங்க. எனக்குத் தெரிஞ்சவருதான். எந்த ஸ்டேஷனுங்க?" என்று கேட்டது.

என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்தேன். "ஏற்காடு ஸ்டேஷன். தைரியம் இருந்தா வா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கையோடு அந்த நம்பரைத் தடை செய்யவும் செய்தேன். என் பேத்தி சொல்லிக் கொடுத்திருந்த வித்தை அது, அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொந்தமாகச் செய்தேன். மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், வெளிக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், தலை முதல் கால் வரை நனைந்து ஒருவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்துப் போட்ட கறுப்புக் கோட்டு, கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய பை, முகம் வெளிறிப் போயிருந்தது. எங்கள் வக்கீல்.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உட்டுட்டாங்களா? நல்ல வேளைங்க. ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி யாரையுமே புடிக்கலைன்னுட்டாங்க. சேலத்துக்குக் கொண்டு போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன். ஊட்டுல அம்மா தனியா இருப்பாங்களே, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். "யாரைங்க புடிச்சாங்க?" என்றாள்.

அதற்குள் வக்கீல் பையைப் பிரித்தார். உள்ளே வக்காலத்துத் தாள், ஜாமீன் மனு, எல்லாம் தயாராக இருந்தன. "ஜாமீனுக்கு ரெண்டு ஆள் கையெழுத்துப் போடோணுமுங்க. ஒண்ணு எங்க ஊட்டுக்காரம்மாவே போடறேன்னு சொல்லிட்டாங்க. காலைல அவங்க போன்லதான் உங்களக் கூப்பிட்டேன். என் போன் தண்ணியில உழுந்துருச்சு."

என்னை ஒரு முறைகூடப் பார்த்திராத ஒரு பெண்மணி, எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார். வளைவு வளைவாகத் திரும்பும் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத ஒரு மனிதர், வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் அவரை மூன்று முறையோ நான்கு முறையோதான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அவர் ஒரு தாளை எடுத்து, "நீங்க சொன்ன இந்த நம்பர் எதுக்குன்னு எனக்குப் புரியலைங்க. கேஸ் நம்பரோன்னு ஸ்டேஷன்ல காட்டினேன். அங்க ஒருத்தர் பாத்துட்டு, இது பஸ் நம்பரைத் திருப்பிப் போட்டாப்பல இருக்குதேன்னாருங்க" என்றார்.

என் மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "காலைல பேசின திருடன் இவருங்களா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எஸ்.ஐ. குரல் உட்பட. வக்கீல் திகைத்துப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக, "போலீசு மாதிரிப் பேசறதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்குதுங்க. அந்தக் கேஸுக்கும் நான்தான் வருவேன், பயப்படாதீங்க" என்றார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. என் மனைவி சுக்குக் காபியும் துண்டும் கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குக் காபி கிடையாது.

தலையைத் துவட்டிக்கொண்ட பிறகுதான் அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். இரண்டு நாள் முன்பு பேக்கரி அம்மா அவருடைய ஆபீசுக்குப் போயிருக்கிறார். அடுப்பு ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா, அதில் ஏதாவது வில்லங்கம் வருமா என்று யோசனை கேட்க. வீட்டுப் பணத்தில் ஏன் வாங்கவில்லை என்று இவர் விசாரித்தபோது, எதிர்பார்த்ததில் எண்பதாயிரம் வரியில் போய்விட்டதே என்றாராம். அப்படி ஒரு வரியே கிடையாதே என்று பழைய கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"மலைக்குக் கீழ நாட்டுப் பக்கம் தோட்டத்த வித்தா, நிக்கற மகசூல வித்தவங்களே எடுத்துக்குவாங்க. அதுக்கு ஈடா வெலைல கழிச்சுக் குடுப்போமுங்க. அதே பழக்கத்துல இங்கயும் கழிச்சுப் போட்டேன். ஆனா அந்தம்மா மகசூல உங்களுக்கு உட்டுட்டுப் போயிருக்காங்க. நாப்பதாயிரம் சேத்தியிருக்கோணும். நான் நாப்பதாயிரம் கொறச்சிருக்கேன்."

இரண்டும் சேர்ந்து எண்பதாயிரம். மிளகையும் நானே பறித்து, அதற்கான பணத்தையும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மிளகுப் பணத்தில் வேய்ந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா இப்ப என்ன சொல்றாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க. பணம் வருமா வராதான்னு தெரியாம ஆசை காட்ட வேண்டாம்னு சொல்லலை. ஐப்பசிக்குள்ள அடுப்பு வெக்க முடியலைன்னா, கடையக் குடுத்துட்டு மறுபடி விடுதிக்கே சமையலுக்குப் போயிரலாம்னு இருக்காங்க. வாங்கி விக்கற பன்னுல வாடகைக்கே கட்டலையாமுங்க."

நான் பென்ஷன் கொடுத்து அனுப்பச் சொன்ன அதே பன்.

வக்கீல் அதோடு நிற்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க. முழுசும் வாங்கிக்கிட்டேன்னு அவங்க பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களால முடியலைன்னா, அவங்க கேஸ் போட்டு வாங்கறது நொம்ப சிரமம். அப்படி ஆச்சுன்னா நானே மாசாமாசம் கொஞ்சமாக் கட்டிருவேன். தப்பு என்னோடது" என்று சொல்லி, எங்களிடம் வாங்கிய ஃபீஸ் பணத்தை ஒரு கவரில் எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத மொதல்ல வெச்சுக்குங்க."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் என் கண் முன்னால் சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகிப் புகை விட்டுக்கொண்டு நின்றது. தப்பு அவருடையது, அவரே கட்டுகிறேன் என்கிறார், பத்திரமும் என் பக்கம். இவ்வளவு வசதியாக எனக்கு எதுவுமே அமைந்ததில்லை. கவரைப் பார்த்தேன். அவருடைய ஈரச் சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கியதையும் பார்த்தேன். பஸ்ஸில் நான் பிடித்த ஆளெல்லாம் சொன்ன அதே வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்டக்டர் குடுத்ததுங்க, நான் பாக்கலைங்க.

"கண்டக்டர் தப்பாக் கிழிச்சாலும், பஸ்ஸுல வந்தது நான்தானுங்க" என்று கவரை அவர் பக்கம் தள்ளினேன். அவருக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்தது.

"ஸ்கூட்டர் போனாப் போகுது. வாங்கியிருந்தாலும் மூணாவது வளைவுல உழுந்துதான் கெடப்பீங்க" என்றாள். பிறகுதான் எனக்கு ஒரு டம்ளர் காபி வந்தது. அளவெல்லாம் பார்க்காமல் குடித்தேன்.

சாயங்காலப் பஸ்ஸில் மூன்று பேரும் ஏற்காட்டுக்குப் போனோம். வக்கீலை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்திருந்தாள் என் மனைவி. எனக்குப் பாஸ் உண்டு. ஆனாலும் அன்றைக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க இன்ஸ்பெக்டர், ஒடம்புக்கு முடியலைங்களா?" என்றார்.

கடையில் பேக்கரி அம்மா கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கமான கேள்வி வரும் என்று சிரிக்கத் தயாரானார். நான் கேட்கவில்லை. அதுவே அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த வக்கீலைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டார். "ஊட்டுல எதாச்சும் வில்லங்கமுங்களா?" என்றார் பயந்து.

வக்கீல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தன்னுடைய தப்பு என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "அப்ப அது வரி இல்லைங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்கம்மா. அப்பவே நீங்க எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"வக்கீல்கிட்டக் கணக்குக் கேட்டா, அதுக்கும் ஒரு ஃபீஸு கேப்பீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். கடையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நான்காவதாகச் சிரிக்க ஆரம்பித்த அவர் பாதியில் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். என் மனைவி மேஜையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பன்னை எடுத்துக் கடித்தேன். அதே சேலத்துப் பன். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முழுதாகத் தின்று முடித்தேன். நான் செய்த பிராயச்சித்தங்களில் அதுதான் கடினமானது.

மறுநாளே வங்கிக்குப் போய்ப் பணத்தை அவர் கணக்குக்கு மாற்றினேன். மேஜையில் இருந்த பெண், பெரிய தொகையாக இருக்கிறதே, யாராவது போன் செய்து அனுப்பச் சொன்னார்களா, ஜாக்கிரதையாக இருங்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். ஆமாம், போன் வந்தது, அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன்.

அடுப்பு வந்த அன்றைக்கு எனக்கும் வக்கீலுக்கும் அழைப்பு வந்தது. வக்கீல் தன் மனைவியோடு வந்தார். எனக்கு ஜாமீன் போட இருந்தவர் அவர்தான். என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அந்த எஸ்.ஐ.?" என்று கேட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். முதல் தட்டு வெளியே வந்தபோது, அந்த வாசனை எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரைக்கும் போனது. பேக்கரி அம்மா சூடாக ஒரு பன்னை எடுத்துத் தாளில் வைத்து என்னிடம் நீட்டி, "இதுக்கு எத்தனை வருச சர்வீஸுங்க?" என்றார். விரலைச் சுட்டது. "இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்குதுங்க" என்றேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய கேக் வந்தது. புரோக்கர் சொன்னதில் பொய்யே இல்லை. இப்போது அந்தக் கடையில் மத்தியானத்துக்குமேல் போனால் பன் கிடைக்காது. என் கேலிக்கு இடமில்லாமல் போனதுதான் இதில் எனக்கு உண்டான ஒரே நஷ்டம். ஸ்கூட்டர் இன்னும் வாங்கவில்லை. மாதாமாதம் கொஞ்சம் போட்டு வருகிறேன். நிறம்தான் மாறியிருக்கிறது, இப்போது நீலம்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறேன், அந்தச் சந்தேகம் என்னோடுதான் போகும். ஆனால் மழை நாளில் நாகலூர் பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம், என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நம்பி நனைந்து வந்து நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார். அவர் வந்ததால்தான், யாரும் ஏறிச் சோதித்தாலும் காட்டுவதற்கு முழு டிக்கெட் வைத்திருப்பவனாக, என் சொந்த வீட்டுக்குள் நான் நிமிர்ந்து நுழைகிறேன்.